நாம வெச்சதா, இருந்ததா?

அந்தத் தென்னையின் அடி கேரளத்தில் இருந்தது, தலை தமிழ்நாட்டில் இருந்தது. பெருமாட்டிக்குக் கிழக்கே எல்லைக்கல் நட்ட வரப்பில் முளைத்து, யார்மேல் கோபமோ, கிழக்குப் பக்கமாகவே சாய்ந்து வளர்ந்த மரம். கேரளத்தில் லைசென்ஸ் எடுத்துக் கள் இறக்கலாம், ஷாப்பில் வைத்து விற்கலாம். வரப்பைத் தாண்டினால் அதே கள் குற்றம். நாங்கள் அந்தத் தோட்டத்து வீட்டுக்குக் குடிவந்த புதிதில், ஒரு நாள் காலை, மரத்தடியில் இரண்டு மாநிலத்து உத்தியோகஸ்தர்களும் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அடியைக் காட்டினார், இன்னொருவர் கொண்டையைக் காட்டினார். கள் இறக்க மேலே ஏறியவர், இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல், மட்டையைப் பிடித்துக்கொண்டு மேலேயே உட்கார்ந்திருந்தார்.

மரத்துக்குச் சொந்தக்காரியான அக்கா மாட்டுக்குத் தவிடு கலந்த கையோடு வந்தார்.

"மரம் எந்த ஸ்டேட்டும்மா?" என்று கேட்டார் ஒரு உத்தியோகஸ்தர்.

"மரத்துக்கு ஏதுங்க ஸ்டேட்டு? கோடு நீங்க போட்டது. அக்கட்ட இழுக்கறதோ இக்கட்ட இழுக்கறதோ, நீங்களே பேசி முடிச்சுக்குங்க. ஆனா ஒரு ஆளு மேல உக்காந்திருக்கறாரு பாருங்க, அது கோட்டுனால வந்ததில்லீங்க. முதல்ல அவரை எறங்க உடுங்க."

அன்றைக்குத்தான் அந்த அக்காவை நான் சரியாகக் கவனித்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. கேட்டிருந்தால் அவரே, "பேரு நாம வெச்சதுதானுங்களே தம்பி" என்று சொல்லியிருப்பார்.

நான் இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய கிறிஸ்தவக் குடும்பம். எனக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை, மனைவிக்குப் பெருமாட்டிப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. யார் வேலைக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பது என்ற வழக்கில் மனைவி ஜெயித்தாள். அப்படித்தான் இந்த அக்காவின் தோட்டத்தில், அவர் வீட்டை ஒட்டியிருந்த சின்ன வீட்டுக்கு நாங்கள் குடிவந்தோம். அவருக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். கணீரென்ற குரல். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. சர்க்கரை போடாத காப்பியை டம்ளர் டம்ளராகக் குடிப்பார்.

எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான். "இது நாம வெச்சதா, இருந்ததா?" அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனையும் வைத்திருந்தார். தாடையைக் கிழக்கே, செக்போஸ்ட் இருக்கும் திசைக்குத் திருப்பி, "அக்கட்ட போனா மாறுமா?" என்பார். மாறினால் நாம் வைத்தது. மாறாவிட்டால் முன்பே இருந்தது. பஸ்ஸின் நிறம், பள்ளிக்கூட லீவு, கள், ரேஷன் அரிசியின் பருமன் எல்லாம் நாம் வைத்தவை. சோறு வேக அடுப்பு எரிய வேண்டும் என்பது இருந்தது. தேங்காய் வியாபாரி நூறு காய்க்கு மேல் லாபக்காய் என்று கொஞ்சம் சேர்த்து எடுத்துக்கொள்வது நாம் வைத்தது. சேர்த்து எடுத்தால் தோட்டத்துக்காரர் வயிறு எரிவது இருந்தது. உலகத்தை இப்படி இரண்டு கூடைகளில் பிரித்துப் போடுவதில் அவருக்கு அலாதியான சந்தோஷம்.

ஒரு வருடம் தமிழ் வருஷப் பிறப்பு முதல் நாளும் விஷு மறுநாளும் வந்தன. எல்லைப் பக்கத்தில் இது அவ்வப்போது நடக்கும். எங்கள் வீட்டுக்கு இரண்டு நாளும் பாயசம் வந்தது.

"ஏன்க்கா, வருஷம் என்னைக்குத்தான் பொறந்துச்சு?" என்று கேட்டாள் என் மனைவி.

"வருசம் எங்கீங்க டீச்சர் பொறக்குது? சூரியன் அது பாட்டுக்குப் போவுது. நேத்துன்னு அவிய வெச்சாங்க, இன்னிக்குன்னு இவிய வெச்சாங்க. நமக்கென்ன, ரெண்டு நாளும் பாயசம்."

ஆனால் இரண்டாவது கூடையில் விழுந்த விஷயங்களில் அவர் விளையாட மாட்டார். "மழை வருமாக்கா?" என்று கேட்டால், "வரும், இல்லீன்னா வராது" என்பார். என் மனைவிக்கு எரிச்சலாக வரும். "இதைச் சொல்லுததுக்கு ஒரு ஆளு வேணுமாக்கும்" என்று உள்ளே வந்து முணுமுணுப்பாள். எனக்கும் அது வெறும் வாய்ச்சவடால் என்றுதான் தோன்றியது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய ஒரு மழைக்காலம் ஆனது.

அவருடைய கணவர் மோட்டார் சாமான் வாங்கிவரப் பொள்ளாச்சிக்குப் போனவர். வண்டி பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தது, ஒழுங்காகப் பூட்டப்பட்டு. ஆள் இல்லை. வீட்டில் சண்டை கிடையாது, யாரோடும் பகை கிடையாது. தேடாத ஊர் இல்லை, கேட்காத ஜோசியர் இல்லை. அப்போது மகள் பூங்கொடி பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள். நாங்கள் குடிவந்தபோது அவள் காலேஜுக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். இடைப்பட்ட காலத்தில் ஒரு தகவல் இல்லை.

இதோடு இன்னொன்றும் போயிருந்தது. இவர்கள் சமூகத்துக் கல்யாணத்தைப் புரோகிதர் நடத்துவதில்லை. சொந்தத்துக்குள்ளேயே அருமைக்காரர், அருமைக்காரி என்று இருக்கிறார்கள். அதற்கென்று ஒரு சீர் செய்து அந்தத் தகுதியைக் கொடுக்கிறார்கள். பாலில் நனைத்த அருகம்புல்லால் மணமக்களின் தலையையும் தோளையும் தொட்டு முதலில் வாழ்த்துவது அவர்கள் கைதான். அருமைக்காரி கணவனோடு வாழ்பவளாக இருக்க வேண்டும். கணவன் போனால் தகுதியும் போய்விடும். அக்கா அந்த வட்டாரத்தில் பேர்போன அருமைக்காரியாக இருந்தவர். கணவர் காணாமல் போன பிறகு, வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து யாரும் கூப்பிடவும் இல்லை.

"நீ கட்டுக்கழுத்தியா, முண்டச்சியான்னு கேக்கறதுக்கு ஒருத்தருக்கும் தைரியமில்லீங்க தம்பி" என்றார் ஒரு நாள். "அதனால மூணாவதா ஒண்ணு கண்டுபுடிச்சுட்டாங்க. 'பாவம்'னு. அப்படி ஒண்ணு கிடையாதுங்க. அவரு இருக்கறாரு, இல்லீன்னா இல்லை. எதுன்னு தெரியாதது நம்ம கொறை. நமக்குத் தெரியலைங்கறதுக்காக நடுவுல ஒண்ணு மொளைச்சுருமா?"

பிறகு அவராகவே சொன்னார், "எம்புள்ள தலையில நானே அருகு வெக்கோணும். அது ஒண்ணுதானுங்க எனக்கு." சுற்றி வளைத்தே பேசும் அவர் சுற்றி வளைக்காமல் சொன்ன ஆசை அது ஒன்றுதான்.

இதற்குப் பிறகு 'இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது' என்பதை நான் கிண்டல் செய்வதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. எனக்கு அந்த வாதம் பிடித்துப்போயிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரு மதியம் தோட்டத்தின் மேற்குப் பாதியில் சடசடவென்று மழை கொட்டியது, கிழக்குப் பாதியில் வெயில் அடித்தது. மாட்டுக் கொட்டகையில் ஒதுங்கி நின்ற அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, இப்ப சொல்லுங்க. உங்க தோட்டத்துல மழை பெய்யுதா, பெய்யலையா?"

அவர் மேற்கே பார்த்தார், கிழக்கே பார்த்தார். மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போடப் போய்விட்டார். பேச்சில் நான் அவரை மடக்கிய ஒரே தருணம் அது. கம்பெனியில் போய் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்த என்னிடம் நேராக வந்தார்.

"நேத்துக் கேட்டது தப்பான கேள்விங்க. தோட்டம்னா ஒண்ணுன்னு நெனைச்சுக் கேட்டீங்க. தோட்டம் நாம வேலி போட்டு ஒண்ணுன்னு வெச்சது. அந்தக் கொட்டகைக் கூரை மேல பேஞ்சுதா இல்லையான்னு கேட்டிருந்தா நேத்தே சொல்லியிருப்பேன்."

இரவெல்லாம் இதையே யோசித்திருக்கிறார் என்று தெரிந்தது. வாயில் நுரையோடு நான் தலையாட்டினேன்.

எங்கள் கம்பெனியில் படிப்பதில் ஆசையுள்ள ஒரு எஞ்சினியர் இருந்தார். அவரிடம் இதைச் சொன்னபோது, 'ஆம் அல்லது இல்லை, நடுவில் ஒன்றும் கிடையாது' என்பதே மனிதர்கள் பேசிக்கொண்ட விதிதான் என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு என்றார். சீட்டாட்டத்துக்கு விதி வைப்பது போல. விதியை மாற்றி, மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தும் கணக்குப் போடுகிறார்களாம். எனக்கு ஒரே குஷி. அன்று சாயங்காலம் அதைக் கொண்டுபோய் அக்காவிடம் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. கொப்பரையைப் புரட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அதுவும் நாம வெச்சதுதான்னு சொல்றாங்களா?"

"சில பேரு அப்படிச் சொல்லுதாங்கக்கா. எல்லாரும் இல்ல."

"அப்ப மாத்தி வெச்சுப் பாத்துரலாமுங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்குப் பூரா, ஆமாவும் செரி, இல்லையும் செரி."

சொன்னபடியே செய்தார். காலையில் என் மனைவி, "காப்பி குடிச்சாச்சாக்கா?" என்றாள். "குடிச்சாச்சுங்க டீச்சர், குடிக்கலீங்க" என்றார். இன்னொரு காப்பி கிடைத்தது. மாடு கறந்தாயிற்று, கறக்கவில்லை. பால்காரர் கேனோடு நின்று விழித்தார். பூங்கொடி சிநேகிதி வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டாள்.

"போ, போவாத."

"அம்மா, எனக்குப் பைத்தியம் புடிச்சுரும். போவட்டுமா, வேண்டாமா?"

"ரெண்டும்."

அவள் காலைத் தரையில் உதைத்துவிட்டுப் போனாள், அதாவது விதிப்படி பாதியைச் செய்தாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மதியம் அக்கா உள்ளேயிருந்து, "தம்பி, மோட்டாரை நிறுத்திட்டீங்களா?" என்று குரல் கொடுத்தார். ஆட்டத்தை விடக்கூடாது என்று, "நிறுத்திட்டேன்க்கா, நிறுத்தல" என்றேன். அவரும் விட்டுக்கொடுக்காமல், "செரிங்க" என்றார். நானும் அசையவில்லை, அவரும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் தொட்டி வழிந்து தண்ணீர் களத்துக்கு வந்தது. காயப்போட்டிருந்த கொப்பரை மிதந்தது. அதற்குள் திரும்பியிருந்த பூங்கொடியையும் சேர்த்து நான்கு பேரும் முழங்கால் வரை துணியைத் தூக்கிக்கொண்டு கொப்பரையை அள்ளினோம். அக்கா ஒரு கூடையை இடுப்பில் வைத்தபடி விழுந்து விழுந்து சிரித்தார்.

"பேச்சுல மாத்தலாமுங்க தம்பி. நாம கேட்டுக்கிட்டோம். தொட்டி கேக்கலீங்க."

எஞ்சினியரிடம் இதைச் சொன்னேன். "தொட்டி வழிந்ததால் விதி நிரூபணம் ஆகிவிடாது. மூன்றாவதைச் சேர்க்கிறவர்கள் மோட்டார் ஸ்விட்சைப் பற்றிப் பேசவில்லை" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எனக்கு இன்று வரை இதில் தீர்ந்த அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அக்காவுக்கு ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்பது ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் கொஞ்சம் விளங்கியது.

புனித சனிக்கிழமை. மனைவி கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போகச் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து கேட்டார்.

"இன்னிக்கு உங்க சாமி எங்கீங்க இருக்கறாரு?"

"இன்னைக்குக் கல்லறையிலக்கா" என்றேன். "நாளைக்கு உயிர்த்தெழுந்திருவாரு."

"வெள்ளிக்கிழமை செத்தாரு, ஞாயித்துக்கிழமை இருக்கறாரு. ஒரே நேரத்துல ரெண்டும் இல்லை. அப்ப ஒண்ணும் இடிக்கலீங்க." கணக்குச் சரிபார்த்த திருப்தியோடு தலையாட்டினார். எழுந்து போகப் போனவர் நின்றார். "அவருக்கு அம்மா இருந்தாங்கல்ல? அந்தச் சனிக்கிழமை அந்தம்மா என்ன பண்ணுச்சு?"

அத்தனை வருடம் ஈஸ்டர் கொண்டாடியும் அதை நான் யோசித்ததில்லை.

"வெள்ளிக்கிழமையே தெரிஞ்சுபோச்சு அந்தம்மாவுக்கு. அழுதுருக்கும். எனக்குத்தான் வெள்ளிக்கிழமையும் வரலை, ஞாயித்துக்கிழமையும் வரலை" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனார். என் மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டைப் பற்றி ஒரு முணுமுணுப்பும் முணுமுணுத்ததில்லை.

பூங்கொடி படிப்பை முடித்தாள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல வரன் வந்தது. அதோடு அக்காவின் கொழுந்தனாரும் வந்தார். கெட்டவர் இல்லை. பொதுவில் கிடந்த நிலத்தைப் பாகம் பிரிக்காமல் அவருக்கு வீடு கட்ட வழியில்லை. அண்ணன் கையெழுத்து இல்லாமல் ஆதாரம், அதாவது பத்திரம், எழுத முடியாது. ஏழு வருஷம் தகவல் இல்லாதவரை இறந்தவராக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

"நங்கை, ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா கோர்ட்டுல ஆயிருமுங்க" என்றார். அண்ணியை இவர்கள் நங்கை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நான் சண்டை வரும் என்று நினைத்தேன். அக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "காப்பி குடிக்கறீங்களா?" என்றார். சில மாதங்களில் கோர்ட்டுத் தாள் வந்தது. அதில் இறந்ததாக எடுத்துக்கொள்ள ஒரு தேதியும் இருந்தது. அந்தத் தேதியைப் பார்த்ததும் கொழுந்தனாருக்கு ஒரு யோசனை வந்து, பஞ்சாங்கத்தில் அதற்குத் திதி பார்த்துக்கொண்டு மறுபடி வந்துவிட்டார். புல்லால் ஓர் உருவம் செய்து கொள்ளி வைத்து, கருமாதியை முடித்துவிட்டால், கல்யாணத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. தானும் தன் மனைவியும் முன்னே நின்று பெண்ணைக் கொடுத்துவிடுவோம் என்றார். மாப்பிள்ளை வீட்டிலும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்களாம்.

"கோர்ட்டு 'செத்துட்டாரு'ன்னு சொல்லலீங்க" என்றார் அக்கா. "'செத்ததா எடுத்துக்கலாம்'னு சொல்லியிருக்குது. எடுத்துக்குங்க. ஆதாரம் எழுதுங்க, ஊடு கட்டுங்க. எடுத்துக்கிட்டதுக்கெல்லாம் நான் எள்ளுந் தண்ணியும் எறைக்க மாட்டேன்."

அவர் போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. "அக்கா, தாளுல இல்லாதவரு, உங்க நெத்தியில இருக்கிறவரு. ஒரே நேரத்துல ரெண்டும் ஆகாதுன்னு சொன்னீங்களே?"

"தாளும் நாம வெச்சது, பொட்டும் நாம வெச்சது. நாம வெக்கறது ஒண்ணோட ஒண்ணு முட்டும் தம்பி. அந்தத் தென்னை மரத்தடியில பாத்தீங்களே. ரெண்டு ஆபீஸ்காரங்களும் முட்டிக்கிட்டாங்க. மேல உக்காந்திருந்தவரு ஒருத்தர்தான்."

கல்யாணம் தோட்டத்திலேயே பந்தல் போட்டு. முகூர்த்தத்துக்கு முன்பு சீர் தொடங்க வேண்டிய நேரத்தில், எல்லோரும் பயந்த கேள்வி வந்தே விட்டது. பாலும் அருகம்புல்லும் வைத்த தட்டு தயாராக இருந்தது. கொழுந்தனார் மனைவி பட்டுச்சேலையில் ஒரு பக்கம் நின்றார். அக்கா மணவறைக்கு மறுபக்கம், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பூங்கொடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டுச் சனம் தங்களுக்குள் குசுகுசுத்தது. சீரை நடத்தவந்த அருமைக்காரர் வயதானவர். அக்காவுக்கு மாமா முறை. அவர் தட்டை எடுக்கவில்லை.

"அம்மிணி, ஊரு வாயில பேசறதை நான் கேக்க மாட்டேன். நீ சொல்லு. நீ சொல்றதுதான் இன்னிக்கு முடிவு. உம்புருசன் இருக்கறானா, இல்லையா?"

பெரியவர் கதவைத் திறந்துவிட்டு நிற்கிறார் என்பது குழந்தைக்கும் தெரியும். 'இருக்கறாரு' என்ற ஒரு வார்த்தை போதும். அதைப் பொய் என்று யாராலும் சொல்ல முடியாது. பொய்யாகவே இல்லாமலும் இருக்கலாம். என் பக்கத்தில் மனைவி, "சொல்லுங்கக்கா, சொல்லுங்க" என்று உதட்டுக்குள் கெஞ்சினாள்.

"ரெண்டுல ஒண்ணு நெசமுங்க மாமா" என்றார் அக்கா. "எதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்லிட்டு எம்புள்ள தலையில கை வெக்க மாட்டேனுங்க."

அவர் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான். பூங்கொடி அழத் தொடங்கினாள். எனக்கு அக்காமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. எத்தனை வருஷத்து ஆசை. ஒரு வார்த்தைக்கு என்ன கேடு வந்துவிடும்?

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செரி. இன்னொண்ணு சொல்லு. புருசன் இருக்கறவதான் அருகு வெக்கோணும்ங்கற மொறை, அது நாம வெச்சதா, இருந்ததா?"

கூட்டத்தில் சிரிப்புப் பரவியது. அக்காவின் கேள்வி அந்த வட்டாரத்துக்கே தெரிந்த கேள்வி.

"நாம வெச்சதுங்க" என்றார் அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அக்கட்ட போனா மாறுமா?"

"எங்க பக்கம் கொஞ்சம் வித்தியாசந்தானுங்க" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா முந்திக்கொண்டு சொன்னார். எந்த வித்தியாசம் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

"மாறுதுல்ல? அப்ப மாத்திக்கலாம். புருசன் செத்துட்டான்னு தெரிஞ்சாத்தான் ஒதுங்கி நிக்கோணும். தெரியலைன்னா நிக்கோணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை. வா அம்மிணி, பாலை எடு."

எல்லோரும் கைதட்டினார்கள் என்றால் பொய். கொழுந்தனார் மனைவி விருட்டென்று பந்தலைவிட்டுப் போனார். சாப்பிடாமலே கிளம்பிய உறவினர்களும் உண்டு. அக்கா தட்டருகே வந்தார். அருகம்புல்லைப் பாலில் நனைத்தார். புல்லை உதறாமலே தொட்டதில் பால் பூங்கொடியின் நெற்றியில் சொட்டி மூக்கு வழியாக இறங்கியது. அவள் அழுகையோடு சிரித்தாள். நானும் என் மனைவியும் வெட்கமில்லாமல் அழுதோம்.

சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போன பிறகு, பந்தல்காரர்கள் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சர்க்கரை இல்லாத காப்பியோடு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"பாத்தீங்களாக்கா, முறையெல்லாம் நாம வெச்சதுதான், மாத்திட்டாரு பெரியவரு. அந்த 'ரெண்டுல ஒண்ணு' மட்டும் என்ன? அதுவும் அப்படித்தானோ என்னவோ?"

இந்தத் தடவை அவர் தாடையைக் கிழக்கே திருப்பவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நானும் மாத்திப் பாத்தனுங்க தம்பி. கொப்பரை மெதந்துச்சே, அன்னிக்கு மட்டுமில்லை. எத்தனையோ நாளு பாத்துட்டேன். இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் நடுவுல கையகலம் எடம் கெடைச்சாப் போதும், அங்க அவரை உக்கார வெச்சுட்டு நான் நிம்மதியாப் படுத்துருவேன். கெடைக்கலீங்க." காப்பியை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். "நாம வெச்சதா இருந்திருந்தா, இதை நான் எப்பவோ மாத்தியிருப்பனுங்க தம்பி."

வீட்டுக்குப் பின்னால் தொட்டி வழிகிற சத்தம் கேட்டது. கல்யாண அமளியில் யாரோ மோட்டாரைப் போட்டு மறந்திருக்கிறார்கள். அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் நிறுத்தினார்.